பிடுங்கினால் படலமும் போகும்!

காரில் ஒட்டிய அலங்காரங்களைக் கழற்றும்போது, அடியில் இருக்கும் பாதுகாப்புப் படலத்தைக் காப்பாற்றுவது எப்படி? பஞ்சிகாவத்தைக்குப் பக்கத்தில் வாழும் கிராண்ட்பாஸ்காரர்களுக்கும், இருக்கிற வாகனத்தை இன்னும் பல வருடம் ஓட்டவேண்டிய எல்லோருக்குமான சிறப்புக் கட்டுரை.

2025 ஜனவரியில், ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் பெயரால் பொலிஸார் வீதியில் இறங்கினார்கள். தனியார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிக விளக்குகளையும், விபத்துக்கு வழிவைக்கும் அலங்காரங்களையும் கழற்றச் சொன்னார்கள். பஸ் உரிமையாளர் சங்கங்களும் ஓட்டோ சாரதிகளின் சங்கங்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தன. எது சட்டத்துக்கு மாறானது, எது வெறும் அழகு என்ற வாதம் சூடாக நடந்தது. அந்தச் சூட்டில் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்ததை எப்படிக் கழற்றுவது?

கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த உத்தரவு நேரடியாக வரவில்லை. ஆனால் கேள்வி அவர்களுக்கும் உரியதுதான். கதவு விளிம்பில் ஒட்டிய கார்ட், கைபிடிக்குக் கீழே ஒட்டிய குரோம் கிண்ணம், பம்பர் ஓரத்து இறப்பர், டிக்கியில் ஒட்டிய ஸ்பொய்லர், பொனட்டில் ஒட்டிய எழுத்து என்று ஏதாவது ஒன்று இல்லாத கார் கொழும்பில் அபூர்வம். வாங்கும்போது அழகாக இருந்தவை சில வருடங்களில் மங்கிவிடுகின்றன, ஓரம் தூக்குகின்றன, இடுக்கில் ஊத்தையைப் பிடித்துவைக்கின்றன. கழற்றிவிடலாம் என்று ஒருநாள் கைவைக்கிறோம். அப்போதுதான் சேதம் நடக்கிறது.

ஒட்டும் ஊர்

கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து ஆமர் வீதிச் சந்தியைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பஞ்சிகாவத்தை. இலங்கையில் எந்த மூலையில் ஒரு வாகனத்துக்கு உதிரிப்பாகம் கிடைக்காவிட்டாலும் கடைசியில் வந்து கேட்கும் இடம் அது. என்ஜின், கியர்பெட்டி, கதவு, கண்ணாடி என்று கழற்றிப் போட்ட வாகனங்களின் பாகங்களுக்கு நடுவே அலங்காரப் பொருட்களும் தொங்குகின்றன. வாங்கிய இடத்திலேயே, வீதியோரத்தில் வைத்தே ஒட்டிக்கொடுக்க ஆள் இருக்கும்.

கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஓட்டோக்களைப் பார்த்தாலே ஒட்டுவதில் நமக்குள்ள ஆசை விளங்கும். பிள்ளையார், புனித அந்தோனியார், அரபு எழுத்தில் இறைவனின் பெயர், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும் வண்டிகளில் ஊர்வலம் போகின்றன. நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கும் அதிகம். 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தபோது அந்தக் குறியையும் அச்சடித்து வண்டியில் ஒட்டிக்கொண்டவர்கள் நாம். ஒட்டுவதில் நமக்குப் பயிற்சி போதும். கழற்றுவதில்தான் பயிற்சி இல்லை.

பெயின்ட் ஏன் இவ்வளவு பெறுமதியானது?

2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காப்பாற்றுவதற்காக அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மறுபடியும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய 5 வருடம் புதிய கார்கள் பெரும்பாலும் நாட்டுக்குள் வரவில்லை. திறந்த பிறகும் சுங்கவரி, அதற்கு மேல் மேலதிக வரி, உற்பத்தி வரி, 18 சதவீத பெறுமதி சேர் வரி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு சிறிய காரின் விலையே நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.

ஆகவே ஏற்கெனவே இருக்கும் வேகன் ஆர், ஆக்ஸியோ, வெசல் போன்ற கார்களைத்தான் பெரும்பாலானோர் இன்னும் நீண்டகாலம் ஓட்டவேண்டும். விற்கும்போதும் ‘ஒரிஜினல் பெயின்ட்’ என்ற இரண்டு சொற்களுக்குத் தனி விலை. வாங்க வருபவர் பெயின்டின் தடிப்பை அளக்கும் சிறு கருவியோடு வந்து ஒவ்வொரு கதவாக வைத்துப் பார்க்கிறார். இதனால்தான் ஒருகாலத்தில் ஆடம்பரக் கார்களுக்கு மட்டும் போட்ட பி.பி.எஃப். என்ற பாதுகாப்புப் படலத்தைச் சாதாரணக் கார்களுக்கும் போடத் தொடங்கினோம். இலட்சக்கணக்கில் செலவழித்து அதைப் போட்டுவிட்டு, அதன் மேலேயே சில ஆயிரம் ரூபாவுக்கு அலங்காரமும் ஒட்டுகிறோம்.

படலத்துக்குள் என்ன இருக்கிறது?

நல்ல பி.பி.எஃப். என்பது தெர்மோபிளாஸ்டிக் பொலியூரித்தேன், சுருக்கமாக டி.பி.யு. என்ற மீள்தன்மையுள்ள பிளாஸ்டிக். ஹெலிகொப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க, வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் பயன்படுத்திய நாடாவிலிருந்து வளர்ந்து வந்தது இது. இன்றைய படலத்தின் மொத்தத் தடிப்பு ஏறக்குறைய 200 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு. நடுவில் டி.பி.யு., கீழே காரோடு ஒட்டும் அக்ரிலிக் பசை, மேலே மிக மெல்லிய ஒரு பூச்சு. அந்த மேற்பூச்சுத்தான் பளபளப்பைத் தருகிறது, தண்ணீரை உருட்டிவிடுகிறது, சிறு கீறல்களை வெயில் சூட்டில் தானாக மறையச் செய்கிறது.

கீழே இருக்கும் பசையைப் பற்றி ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். படலம் ஒருநாள் கழற்றப்பட வேண்டியது. பெயின்டுக்குக் காயம் இல்லாமல் உரிந்து வரவேண்டும். அதனால் அந்தப் பசையின் பிடியை வேண்டுமென்றே மட்டாக வைத்திருக்கிறார்கள்.

அலங்காரப் பொருளின் பின்னால் இருக்கும் டபுள் டேப்போ நேர்மாறானது. காரில் ஒட்டும் நல்ல பொருட்களுக்கு வருவது அக்ரிலிக் ஃபோம் டேப். 3எம் நிறுவனம் 1980இல் வி.எச்.பி. என்ற பெயரில் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆணியும் ரிவெட்டும் செய்யும் வேலையை இந்த நாடா செய்யவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஒட்டிய பிறகு ஏறக்குறைய 72 மணி நேரம் வரை அதன் பிடி கூடிக்கொண்டே போகும். அதன்பின் மழையும் வெயிலும் அதை இலகுவில் அசைக்காது.

இப்போது கணக்கு தெளிவாகிறது. மேலே வலிமையான பசை, கீழே மட்டான பசை, நடுவில் இழுத்தால் இறப்பரைப் போல நீளும் படலம். அலங்காரத்தைப் பிடித்து வெளியே இழுத்தால் எது முதலில் விடும்? கீழே இருக்கும் மட்டான பிடிதான். படலம் பெயின்டிலிருந்து குமிழாகத் தூக்கும், நீளும், பிறகு பழைய நிலைக்கு வராமல் வெள்ளைக் கோடுகளோடு நிற்கும். இன்னும் இழுத்தால் கிழியும். பிடுங்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த விசை படலத்துக்குப் போகாமல் ஃபோமுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். ஃபோமை நடுவில் அறுத்துவிட்டால் படலம் எந்த இழுவையையும் உணராது. இந்தக் கட்டுரை சொல்லும் முறை முழுவதும் இந்த ஒரு விதியில் நிற்கிறது.

நூறு வருடத்துக்கு முந்திய அதே பிரச்சினை

ஒட்டியதைக் கழற்றும்போது காரின் மேற்பரப்பு உரிவது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. 1920களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்களுக்கு மோகம் இருந்தது. ஒரு நிறம் அடித்து, அதை மறைத்து, மற்ற நிறம் அடிப்பார்கள். மறைப்பதற்கு ஒட்டிய தாளைக் கழற்றும்போது புதிய பெயின்டும் சேர்ந்து உரிந்து வந்தது. மினசோட்டா மாநிலத்தில் இருந்த 3எம் நிறுவனத்தில் வேலைசெய்த இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ, உப்புத்தாளைப் பரிசோதிக்கக் கொடுப்பதற்காக கராஜ் ஒன்றுக்குப் போனபோது பெயின்டர்களின் இந்தத் தவிப்பைக் கண்டார். ஒட்டவும் வேண்டும், கேட்டவுடன் விடவும் வேண்டும் என்ற இரண்டு குணங்களும் சேர்ந்த நாடாவை அவர் 1925இல் செய்துமுடித்தார். இன்று உலகமெங்கும் பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் அதுதான்.

ஒட்டும் பொருளைச் செய்கிறவர் அதைக் கழற்றுவதையும் சேர்த்து யோசித்தார். நமது அலங்காரச் சந்தையில் இல்லாதது அந்த யோசனைதான்.

எப்படிக் கழற்றுவது?

தேவையானவை அதிகமில்லை: தலைமுடி உலர்த்தும் டிரையர், தூண்டிலுக்குப் பயன்படும் தங்கூசி, கார் ஷாம்பு, தண்ணீர் தெளிக்கும் போத்தல், சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள், மாஸ்கிங் டேப், பாமசியில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோல். மெழுகு பூசாத பல்நூல் இருந்தால் சிறிய எழுத்துகளுக்கு உதவும்.

முதலில் காரை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். கொழும்பு வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் தகடு கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் படலத்தின் அடிப்பசையும் இளகியிருக்கும். அப்போது தொட்டால் படலம் நகரும். காலைநேரம் நல்லது.

அந்த இடத்தை நன்றாகக் கழுவுங்கள். அலங்காரத்தின் ஓரத்தில் சேர்ந்திருக்கும் மணல், அறுக்கும்போது தங்கூசியோடு சேர்ந்து படலத்தை உப்புத்தாளைப் போலத் தேய்த்துவிடும். கடற்காற்றும் கனரக வாகனங்களின் புழுதியும் சேரும் கிராண்ட்பாஸில் இந்தக் கழுவலைத் தவிர்க்கவே கூடாது.

பிறகு அந்தப் பொருள் டேப்பில் மட்டும்தான் நிற்கிறதா என்று பாருங்கள். சில ஸ்பொய்லர்களுக்கு உள்ளே இருந்து திருகாணி இருக்கும். சில வைசர்களுக்குக் கிளிப் இருக்கும். கம்பனி எழுத்துச் சின்னங்கள் சிலவற்றுக்குத் தகட்டில் நுழையும் சிறு முளைகள் இருக்கும். இவற்றை அறியாமல் அறுத்தால் நூல் சிக்கும், கை வழுக்கும். பொருளைச் சுற்றிப் படலத்தின்மேல் மாஸ்கிங் டேப் ஒரு வரி ஒட்டிக்கொள்ளுங்கள். தவறிப் படும் நகமும் நூலும் அதில் படட்டும்.

இனிச் சூடு. டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் பொருளின் முழு நீளத்துக்கும் ஆட்டிக்கொண்டே இருங்கள். கையை வைத்தால் பொறுக்கக்கூடிய சூடு போதும். கை சட்டென்று விலகினால் அது அதிகம், ஆறவிடுங்கள். கராஜ்களில் பெயின்ட் உரிக்கப் பயன்படுத்தும் ஹீட் கன் இங்கே ஆகாது. அதன் வெப்பம் சில விநாடிகளில் படலத்தைச் சுருக்கிவிடும்.

ஃபோம் இளகியதும் தங்கூசியின் இரு முனையையும் கையில் சுற்றிப் பிடித்து, பொருளுக்குப் பின்னால் ஃபோமுக்குள் நுழையுங்கள். ஃபோம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். ஆகவே அதில் பாதிக்கும் குறைவான தடிப்புள்ள தங்கூசியைத் தெரிவுசெய்ய வேண்டும். இடமும் வலமுமாக வாள் இழுப்பதுபோல் மெதுவாக இழுங்கள். நூல் எப்போதும் படலத்தைவிட்டு விலகி, பொருளின் பக்கம் சாய்ந்து போகட்டும். பொருளின் பின்பக்கம் கீறினால் நட்டமில்லை, அது குப்பைக்குப் போவது. இடையிடையே ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளியுங்கள். இறுகினால் நிறுத்தி மறுபடியும் சூடாக்குங்கள். பாதி அறுந்ததும் மீதியை இழுத்துவிடலாம் என்று கை துடிக்கும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். கடைசி அங்குலத்தில்தான் பல படலங்கள் கிழிகின்றன.

மிஞ்சிய பிசினை என்ன செய்வது?

பொருள் விழுந்த பின் படலத்தில் ஃபோமின் ஒரு பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். அது நல்ல அடையாளம், நடுவில் அறுத்திருக்கிறீர்கள் என்று பொருள். மறுபடியும் இலேசாகச் சூடாக்கி, பெருவிரலால் ஓரத்திலிருந்து உருட்டுங்கள். சுருண்டு சுருண்டு வரும். நகத்தால் சுரண்டாதீர்கள்.

அதற்கும் பிறகு மெல்லிய பிசுபிசுப்பு நிற்கும். பலாப்பழம் வெட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பலாப்பாலைத் தண்ணீர் போக்காது, தேங்காய் எண்ணெய்தான் போக்கும். டேப்பின் பிசினும் அந்தக் குணம்தான். துணியில் சில துளி தேங்காய் எண்ணெயை எடுத்துப் பிசினில் வைத்து, சில நிமிடம் ஊறவிட்டு, மெதுவாகத் துடையுங்கள். பிறகு எண்ணெய் முழுவதும் போகும்வரை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். அடங்காத இடத்துக்கு ஐசோபுரொப்பைல் அற்ககோலில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துத் துடைக்கலாம். எதையும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பரிசோதித்துப் பாருங்கள். துடைக்கும்போது படலத்தின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கியே கை போகவேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் விளிம்பு மடிந்து தூக்கும்.

தொடவே கூடாதவை சில. பெற்றோல், தின்னர், நகப்பூச்சுப் போக்கும் அசிற்றோன் மூன்றும் டி.பி.யு.வை ஊதச்செய்து மேற்பூச்சை மங்கவைக்கும். மண்ணெண்ணெய் விளிம்புக்கு அடியில் இறங்கிப் பசையை இளக்கும். சவர பிளேட் கண்ணாடிக்கு மட்டும்தான், அதுவும் உள்ளே டின்ட் படலம் இல்லாத கண்ணாடிக்கு. பிசின் தேய்க்க ட்ரில்லில் பூட்டும் இறப்பர் சில்லு பெயின்டில் நன்றாக வேலை செய்யும், படலத்திலோ உராய்வுச் சூட்டில் எரித்துவிடும். கொழும்பில் எதற்கும் மருந்தாகச் சொல்லப்படும் கட் பொலிஷும் இங்கே வேண்டாம். அது சுரண்டி எடுத்துப் பளபளப்பாக்கும் வேலை. படலத்தின் மேற்பூச்சு அதைத் தாங்கும் அளவுக்குத் தடிப்பானதல்ல.

இலேசான கீறல் தெரிந்தால் பதறவேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது காரை வெயிலில் நிறுத்துங்கள். மேற்பூச்சு தானாகவே மூடிக்கொள்ளும். ஆழமான வெட்டு மூடாது. அலங்காரம் இருந்த இடம் தெளிவாகவும், வெயில் பட்ட சுற்றுப்புறம் சற்று மஞ்சளாகவும் தெரிந்தால் அது படலத்தின் வயது. தேய்த்து அதைச் சமப்படுத்த முடியாது.

படலம் தூக்கிவிட்டால்?

ஓரம் மட்டும் எழுந்திருந்தால் காப்பாற்றலாம். அடியில் ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து அழுக்கைப் போக்கி, பிறகு அற்ககோல் கலவையைத் தெளித்து, மென்மையான இறப்பர் தகட்டால் வெளிப்பக்கமாக அழுத்தி நீரை வெளியேற்றினால் பசை மறுபடியும் பிடிக்கும். நடுவில் குமிழ் வந்தால் ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் துளை வழியே தண்ணீரும் ஊத்தையும் போகும். இலேசாகச் சூடாக்கி மெதுவாக அழுத்திப் பாருங்கள். நீண்டு வெளுத்திருந்தாலும் கிழிந்திருந்தாலும், அந்தத் தகட்டுக்கு உரிய படலத்தை மட்டும் மாற்றுவதே வழி. கிழிந்த இடத்தில் துண்டு ஒட்டினால் விளிம்பில் அழுக்குச் சேர்ந்து கோடாகத் தெரியும்.

படலத்தை உரிக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்தத் தகட்டில் இருப்பது தொழிற்சாலைப் பெயின்டா, கராஜ் பெயின்டா? தொழிற்சாலையில் ஏறக்குறைய 140 பாகை செல்சியஸில் சுட்டு இறுக்கிய பெயின்ட் உறுதியாக நிற்கும். விபத்துக்குப் பிறகு டிங்கர் செய்து அடித்த பெயின்டுக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. அடித்தளத்தைச் சரியாக உரசாமல் அடித்திருந்தால் படலத்தோடு பெயின்டும் தோலாக உரிந்து வரக்கூடும். அப்படிப்பட்ட கதவில் நீங்களாகக் கைவைக்காமல் அனுபவமுள்ள பெயின்ட் பாஸிடம் காட்டுங்கள்.

பி.பி.எஃப். என்ற பெயரில் மலிவு விலைக்கு விற்கப்படும் பி.வி.சி. படலங்களுக்கு இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். வெயிலில் அவை சில வருடங்களில் இறுகி, மஞ்சளாகி, நொறுங்கத் தொடங்கும். கீறல் தானாக மறையும் குணமும் அவற்றிடம் பெரும்பாலும் இருக்காது. எது போட்டிருக்கிறது என்று தெரியாவிட்டால், போட்ட கடையின் பில்லைத் தேடி எடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

ஒட்டுவதற்கு முன்பே

கழற்றும் சிரமத்தைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரு பொருளைப் பாதுகாப்புப் படலத்தின் மேல் ஒட்டியே ஆகவேண்டும் என்றால், அந்தப் பொருளின் அளவுக்கு ஒரு சிறு படலத் துண்டை வெட்டி முதலில் போடச் சொல்லுங்கள். அதன் மேல் அலங்காரம் வரட்டும். பின்னொரு நாள் கழற்றும்போது சேதம் வந்தால் அது பெரும்பாலும் அந்தத் துண்டோடு நிற்கும். புதிதாகப் போட்ட படலத்தில் அடியில் இருக்கும் ஈரம் காயும்வரை, குறைந்தது சில வாரங்களுக்கு எதையும் ஒட்டவேண்டாம்.

கழற்றும் வேலைக்குத் தனியாக விலை பேசுங்கள் என்பதுதான் நான் எல்லாவற்றிலும் அழுத்திச் சொல்ல விரும்புவது. நமது கராஜ்களில் ஒட்டுவதற்குக் கூலி உண்டு. கழற்றுவது பெரும்பாலும் புதியதை வாங்கும்போது இலவசமாகக் கேட்கும் உபகாரம். காசு இல்லாத வேலையை எந்த பாஸும் பொறுமையாகச் செய்யமாட்டார். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் கை தங்கூசியை விட்டு நேராகப் பொருளைப் பிடித்துத்தான் இழுக்கும். அந்தச் சேதத்தில் நமது அவசரத்துக்கும் பங்கு இருக்கிறது. ஒரு குரோம் கிண்ணத்தைப் படலத்துக்குக் காயமில்லாமல் இறக்குவது கையில் பழகிய திறமை. அந்தத் திறமைக்கு அரை நாள் நேரமும் உரிய கூலியும் கொடுங்கள். புதிதாக ஒரு கதவுக்குப் படலம் போடும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. இலட்சங்கள் கொடுத்து வாங்கிய கவசம் இன்னும் பல வருடம் உங்கள் காரில் நிற்கும்.